ஒன்றாம் நம்பர் குவளை

நீலம் என்றால் செத்தது.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சின்னச் சின்ன வட்டங்களாகத் தெரியும். முன்னதாக ஒரு துளி நீலச் சாயம் கலந்திருப்போம். உயிரோடு இருக்கும் அணு சாயத்தை உள்ளே விடாது, பளபளவென்று இருக்கும். செத்த அணுவுக்குத் தடுக்கத் தெம்பு கிடையாது, நீலமாகிவிடும். வெள்ளைக்கு ஒரு பொத்தான், நீலத்துக்கு ஒரு பொத்தான் என்று எண்ணும் கருவியைத் தட்டிக்கொண்டே வந்தேன். சென்னை ஆய்வகத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் எனக்கு முதுகு நனைந்துவிட்டது. பாதிக்குப் பாதி நீலம்.

அது என் நைனாவின், அதாவது என் அப்பாவின் ரத்தம். ஒரு வருஷத்துக்கும் மேலாகச் செஞ்சியில் உறைந்து கிடந்து, தெர்மோகோல் பெட்டியில் பஸ் ஏறி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்கு வந்த ரத்தம். உருக்கும்போது நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று அடித்துச் சொல்வேன். குழாயை உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் பிடித்து மெல்ல ஆட்ட வேண்டும். உள்ளே உளுந்து அளவுக்குப் பனிக்கட்டி மிச்சம் இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். அப்புறம் சத்துநீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். என் பொறுமையைப் பற்றி வீட்டில் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சொட்டுகளை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டேன். அப்படியும் பாதி செத்துக் கிடந்தது.

பாதி போனால் என்ன, மீதிப் பாதியை வைத்துப் பார்க்க வேண்டியதுதானே என்று என் அக்கா வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன்.

உடம்பில் பி செல் என்று ஒரு வகை வெள்ளை அணு இருக்கிறது. ஒவ்வொரு பி செல்லுக்கும் ஒரே ஒரு தினுசு எதிர்ப்பொருள்தான் செய்யத் தெரியும். ஆன்டிபாடி என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். இப்படிக் கோடிக்கணக்கான தினுசுகள் உடம்பில் சுற்றிக்கொண்டிருப்பதால்தான், எந்தக் கிருமி வந்தாலும் அதற்குப் பொருந்துகிற ஒன்று எங்கேயாவது இருக்கிறது. பொருந்தியது மட்டும் பல்கிப் பெருகும். எனக்கு வேண்டியது அந்தத் தினுசுகளின் பட்டியல். யார் உடம்பில் எத்தனை வகை, எது எவ்வளவு. செஞ்சி வாரச்சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கூட்டம் திடீரென்று வீட்டுக்குப் போய்விட்டால் வெங்காயக்காரர் அப்போதும் இருப்பார், ஏனென்றால் வெங்காயக்காரர்கள் இருபது பேர். குடை ரிப்பேர் செய்கிறவர் ஒருவர்தான். அவர் போய்விட்டால் அந்தச் சந்தையில் குடை ரிப்பேரே கிடையாது என்று நான் எழுதிவிடுவேன். அதுதான் பிரச்சினை. சாவது வெறும் எண்ணிக்கை இல்லை, வகை. அதிலும் காய்ச்சலில் புதிதாகப் பெருகி வந்த அணுக்கள்தான் குளிருக்கு முதலில் சாகும் நோஞ்சான் ஜாதி.

எங்கள் பக்கத்தில் மழை விட்ட பிறகு உண்ணிக் காய்ச்சல் வரும். புதரிலும் புல்லிலும் இருக்கும் பொடிப் பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் பீடியால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். சரியான நேரத்தில் மாத்திரை போட்டால் இரண்டு நாளில் இறங்கிவிடும். விட்டால் ஆளைக் கொண்டுபோய்விடும். செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லத்தைச் சுற்றிய ஊர்களில் கடலைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது வரும்போது அவர்கள் உடம்பு எத்தனை வகை எதிர்ப்பொருளைச் செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. நானும் அந்த ஊர்க்காரிதான். என் அம்மாவும் கடலை பிடுங்கியவர்தான். இதைத் தலைப்பாக எடுத்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காய்ச்சலில் பெருகிய அந்த அணுக்கள் ரத்தத்தில் வெளிப்படையாக ஓடுவது ஏறக்குறைய ஒரு வாரம்தான். அப்புறம் எலும்புக்குள்ளே போய் ஒதுங்கிவிடும், கையில் ஊசி குத்தினால் கிடைக்காது. அதனால் யாருக்குக் காய்ச்சல் விடுகிறதோ அவர் வீட்டுக்கு அந்த வாரமே போய்விட வேண்டும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அறை பிடித்தேன். ஒரு சுழற்று இயந்திரம், ஒரு இன்வெர்ட்டர், ஒரு மேஜை, அவ்வளவுதான். ரத்தத்தைச் சுழற்றினால் நடுவில் வடித்த கஞ்சி மாதிரி ஒரு மெல்லிய வளையம் நிற்கும். அதுதான் வெள்ளை அணு. அதை உறிஞ்சி, பனி கிழிக்காமல் காக்கும் மருந்து கலந்து, குழாயில் அடைத்து, சென்னையிலிருந்து கொண்டு வந்த ட்ரை ஐஸில் ஓர் இரவு மெதுவாக உறைய வைக்க வேண்டும். மறுநாள் திரவ நைட்ரஜனில் போட்டுவிட்டால் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும் என்று புத்தகம் சொல்கிறது. ட்ரை ஐஸோடு பௌர்ணமியன்று மாட்டிக்கொண்டால் போச்சு. திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகும் கூட்டத்தில் எந்த பஸ்ஸிலும் பெட்டியோடு ஏற விடமாட்டார்கள். ஒரு தடவை திண்டிவனத்தில் ரோட்டோரம் நான் நிற்க, பெட்டியிலிருந்து பனி புகையாகப் போய்க்கொண்டே இருந்தது, பக்கத்தில் நின்றவர் உள்ளே மீனா என்று கேட்டார்.

செஞ்சியில் திரவ நைட்ரஜன் எங்கே கிடைக்கும்? மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவரிடம்தான் கிடைக்கும். காளையின் விந்தை மெல்லிய ஸ்ட்ராக்களில் உறைய வைத்து அதில்தான் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஊசிக்காரர் ஒருவர் தனியாகத் தொழில் செய்பவர், நாற்பது வயது இருக்கும், பைக்கில் ஊர் ஊராகப் போவார். வீட்டு முன்னறையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய கேன் வைத்திருந்தார். அதன் கழுத்தில் ஆறு பள்ளங்கள், ஆறுக்கும் நம்பர். ஒவ்வொன்றிலும் நீளக் கைப்பிடி போட்ட ஒரு குவளை உள்ளே நைட்ரஜனில் தொங்கும். எனக்கு ஒன்றைக் கொடுங்கள் என்று கேட்டேன். எது வேண்டும் என்றார். ஒன்றாம் நம்பர் என்றேன். நோட்டில் எழுதச் சுலபம் என்பதைத் தவிர அதற்கு ஒரு காரணமும் இல்லை. அவர் ஒன்றிலிருந்த ஜெர்சிக் காளையின் ஸ்ட்ராக்களை நாலாம் நம்பருக்கு மாற்றிவிட்டு அந்தக் குவளையை எனக்கு விட்டுக்கொடுத்தார். நல்ல மனுஷன் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதல் ரத்தம் நைனாவுடையது. அவருக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தபோது நான் சென்னையில் இருந்தேன். சாதாரணக் காய்ச்சல் என்று நாலு நாள் கசாயத்தில் ஓட்டியிருக்கிறார். நான் வந்து பார்த்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அக்குளில் கறுப்புப் பொருக்கு. செஞ்சி ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிழைத்து எழுந்து உட்கார்ந்த பிறகு, அவர் கையில் நானே ஊசி போட்டு எடுத்தேன். முதல் குத்தில் நரம்பு அகப்படவில்லை. ஒழுங்கா குத்து என்று அவர்தான் அதட்டினார்.

அதற்கப்புறம் ஆள் கிடைப்பது அதிசயமாகச் சுலபமாகிவிட்டது. ரத்தம் என்றாலே கதவைச் சாத்துகிற தெருக்களில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கையை நீட்டினார்கள். படிவத்தை ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டினேன். இதனால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை என்று அதில் ஒரு வரி வரும். சங்கடமான வரி, அதனால் கொஞ்சம் வேகமாகப் படித்துவிடுவேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நம் ஊர்ப் பெண் என்ற பாசம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வருஷம் திரும்பியதும் ஆளுக்கு ஒரு குழாயாக எல்லோருடையதையும் ஒன்றாகச் சென்னைக்குக் கொண்டுபோய், ஒன்றாக உருக்கி, அணுக்களின் மரபணுச் செய்தியை வரிசைப்படுத்திப் பார்த்தோம். காய்ச்சலுக்குப் பிறகு எங்கள் ஊர்க்காரர்களின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் வகைகள் ரொம்பக் குறைவு என்று வந்தது. ஒரே அணுவிலிருந்து பெருகிய நாலைந்து பெரிய அணுக் குடும்பங்கள்தான் எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தன. என் வழிகாட்டிப் பேராசிரியை, நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம், முகம் மலர்ந்துவிட்டார். வெயிலில் உழைத்துச் சத்துக் குறைந்த உடம்பு, அதில் எதிர்ப்பு வகையும் வறண்டுவிட்டது, இது பெரிய கட்டுரை என்றார். நான் நீலப் புள்ளிகளைப் பற்றிச் சொன்னேன். கிராமத்தில் எடுக்கும் மாதிரி அப்படித்தான் இருக்கும், உயிரோடிருப்பதை வைத்துத்தானே பார்த்தோம் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர்க்காரர்களின் ரத்தம் ஏழை ரத்தம் என்று எழுதப்போகிறோம். அவர்கள் ஏழையா, என் குழாய் ஏழையா என்று யார் சொல்வது? ஆனால் எனக்கும் அந்தக் கட்டுரை வேண்டும். உதவித்தொகை அந்த வருஷத்தோடு முடிகிறது. கட்டுரை இல்லாமல் பட்டம் இல்லை. சொந்தச் சந்தேகத்தை மென்று முழுங்கிக்கொண்டு, மிச்சமிருக்கும் குழாய்களை எடுத்து வரச் செஞ்சிக்குக் கிளம்பினேன்.

அன்று காலை ஊசிக்காரர் வீட்டில் அவர் மனைவி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு போன் வந்தது. யாரோ ஒருவர் மாடு பருவத்துக்கு வந்து கத்துகிறது, உடனே வா என்கிறார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கேன் மூடியைத் திறந்தார். ஒன்றாம் நம்பர் கைப்பிடியைப் பிடித்துக் குவளையைக் கழுத்து வரைக்கும் தூக்கினார். தூக்கி வைத்துக்கொண்டே ஜெர்சியா சிந்தியா என்று போனில் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து போன வருஷக் கன்றுக்குட்டியின் கதை வந்தது. ம் கொட்டினார். பிறகு குனிந்து குவளையைப் பார்த்தார், என் குழாய்கள். ச்சே என்று உள்ளே இறக்கிவிட்டு நாலாம் நம்பரைத் தூக்கினார்.

டீ டம்ளரை எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவர் போனை வைத்ததும், இதை எப்போதும் இப்படித்தான் செய்வீர்களா என்று கேட்டேன்.

"பதினஞ்சு வருசமா ஜெர்சி ஒண்ணுலதான இருந்துச்சு. கை அங்கதான் போவுது. பார்த்துட்டு உட்டுடுவேன்மா, ஒண்ணும் தொடமாட்டேன்."

ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்றேன். ஆறேழு இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் பத்துகூட ஆகும் என்றார். அதாவது நைனாவின் ரத்தம், அந்தத் தெருக்காரர்கள் அத்தனை பேரின் ரத்தம், ஒரு வருஷமாகத் தினமும் ஆறேழு தடவை கேன் கழுத்துக்கு வந்து, செஞ்சி வெயிலின் சூட்டை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் இளகி, மறுபடி உள்ளே போய் இறுகியிருக்கிறது. கேனுக்குள் இருக்கும்வரை புத்தகம் சொல்வது உண்மை. கேன் வாயில் யார் கை இருக்கிறது என்று புத்தகத்துக்குத் தெரியாது.

கத்திவிட்டேன். அவர் வீட்டில், அவர் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால், கேவலமாகக் கத்தினேன். அவர் கோபப்படவில்லை, குழம்பித்தான் போனார். தன் ஸ்ட்ராக்களையும் இப்படித்தானே தூக்குகிறேன், மாடுகள் சினை பிடிக்கின்றனவே என்றார்.

"உருக்குனா எனக்கும்தான் பாதி சாவுது. ஆனா ஒண்ணு போய்ச் சேர்ந்தா போதும்மா, கன்னுக்குட்டி வந்துடும். உனக்கு எத்தினி வேணும்?"

எல்லாம் வேண்டும் என்றேன். பந்தியில் இலையை மூடாமல் இன்னும் கேட்கிறவளைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார்.

மேடத்திடம் போனில் சொன்னேன்.  அழிவு எவ்வளவு என்று அளந்து காட்டிவிட்டால் பழைய முடிவைத் திருத்திப் பயன்படுத்தலாம் என்றார். ஒரே ஆளின் ரத்தத்தைப் பிரித்து, ஒரு பங்கை உறைய வைக்காமல் உடனே பார்க்க வேண்டும். ஒரு பங்கை யாரும் தொடாத ஆறாம் நம்பரில் வைக்க வேண்டும். இன்னொரு பங்கை ஒன்றாம் நம்பரில் வைத்து, ஊசிக்காரர் முன்பு செய்த மாதிரியே தினமும் தூக்கி இறக்க வேண்டும். மூன்றையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மறுபடி நைனாதான் கையை நீட்டினார். பழையது சரியில்லை, ஒரு சோதனைக்கு வேண்டும் என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

ஊசிக்காரரிடம் போய், தயவுசெய்து அந்தத் தப்பைத் திரும்பச் செய்யுங்கள் என்று கேட்டேன். உலகத்தில் யாராவது யாரிடமாவது இப்படிக் கேட்டிருப்பார்களா தெரியாது. அதற்குள் அவர் ஒன்றாம் நம்பரில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டிருந்தார். பதினைந்து வருஷத்துப் பழக்கம் என்றாரே, நான் கத்திய ஒரே காலையில் அது போய்விட்டது. கை தானாக நாலாம் நம்பருக்குப் போனது. வேண்டுமென்றே ஒன்றைத் தூக்கச் சொன்னால், அரை மனதாகத் தூக்கி, சுடுகிற பாத்திரத்தை வைப்பது மாதிரி உடனே இறக்கிவிடுவார். கொஞ்ச நேரம் பிடியுங்கள், போனில் பேசிக்கொண்டே பிடியுங்கள் என்றேன். உன் அப்பா ரத்தம் என்று தெரிந்துகொண்டு எப்படி அப்படிப் பிடிப்பது என்றார். நானே தூக்கிப் பார்த்தேன். எனக்கும் கை வரவில்லை. அந்தத் தப்பு ஒரு கவனமில்லாத கையால்தான் ஆகிற காரியம், எங்கள் இரண்டு பேரிடமும் அது இனிக் கிடையாது.

ஒரு மாதம் கழித்து உருக்கிப் பார்த்தால் ஒன்றும் ஆறும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. இரண்டிலுமே நீலம் குறைவு. அதைவிடக் கொடுமை, உறைய வைக்காத பங்கையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். அந்த இரண்டு பாதிகளும்கூடப் பெரிய குடும்பங்களில்தான் ஒத்துப்போயின. அபூர்வமானவை ஒன்றில் இருந்தால் இன்னொன்றில் இல்லை. குடை ரிப்பேர்க்காரர் ஒரே ஆள், ஏதாவது ஒரு குழாயில்தானே இருப்பார். பழைய ரத்தத்தில் காணாமல் போன வகைகள் குளிரில் செத்தவையா, குவளையைத் தூக்கியதில் செத்தவையா, முதலிலிருந்தே என் சொட்டில் வராதவையா? எந்தச் சோதனையும் இனி அதைச் சொல்லாது. திருத்துவதற்குக் கையில் ஓர் எண்கூட இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். நைனா என்னவென்று கேட்டார். எல்லாமே கெட்டுவிட்டது, நாலு வருஷம் போச்சு என்று எரிந்து விழுந்தேன். இதற்கா இந்தக் கவலை என்கிற மாதிரி அவர் சட்டைக் கையை மடித்தார்.

"நான் இங்கதான குந்திகினு இருக்கேன். இன்னொரு தபா எட்த்துக்கோ."

அந்த வாரத்து ரத்தம் இப்போது உன்னிடம் இல்லை நைனா என்றேன். ஆளே முழுசாக எதிரில் உட்கார்ந்திருக்கிறார், அவர் ரத்தத்தைத் தொலைத்துவிட்டேன் என்று அவரிடமே அழுகிறேன். அவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"அப்ப மறுபடி ஜொரம் வந்தா எனக்கு இன்னாத்த ஏத்துவ?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. காய்ச்சலை ஜெயித்த ரத்தத்தை மகள் எடுத்துப் பத்திரமாக ஐஸில் வைத்திருக்கிறாள், மறுபடி காய்ச்சல் வந்தால் அதையே உருக்கி ஏற்றிக் காப்பாற்றிவிடுவாள் என்று இத்தனை நாளும் அவர் நம்பியிருக்கிறார். அவர் மட்டும் நம்பியிருந்தால் பரவாயில்லை, தெருத் தெருவாகச் சொல்லியும் வைத்திருக்கிறார். கதவைத் திறந்து கூப்பிட்டு உட்கார வைத்த அத்தனை பேரும் எனக்காகக் கையை நீட்டவில்லை, நாளைக்குத் தங்களுக்கே ஆகும் என்றுதான் நீட்டியிருக்கிறார்கள். ஊர்ப் பாசம் என்று நான் நினைத்துப் பூரித்ததும் இதைத்தான்.

அவர் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. யார் உன்னைச் சொல்லச் சொன்னது என்று கேட்டேன். பின்ன எதுக்கு ஐஸில் வைத்தாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் வேகமாகப் படித்து முடித்த அந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. 

மறுநாள் விடிந்ததும் ஒவ்வொரு வீடாகச் சொல்லிவிட்டு வரக் கிளம்பினேன். ஐஸில் இருப்பது யாருக்கும் திரும்ப வராது, காய்ச்சல் வந்தால் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது வீடு, நான் சின்னம்மா என்று கூப்பிடும் ஒருவருடையது. சொந்தம் இல்லை, தெரு முறை. அம்மாவோடு சேர்ந்து கடலை பிடுங்கியவர், போன தடவைக் காய்ச்சலில் நைனாவுக்கு அடுத்து எனக்கு ரத்தம் கொடுத்தவர். வெயில் ஏறிய பிறகும் போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். தொட்டால் நெருப்பு. எத்தனை நாளாக என்றேன். மூன்று நாள் என்றார். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்றேன்.

"நீ வருவன்னுதான் பார்த்துகினு இருந்தேன். என் ரத்தம் உன்கிட்ட பத்திரமா இருக்குதுன்னு நைனா சொல்லிச்சே."

அவரை ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் செஞ்சிக்குக் கொண்டுபோனேன். இடுப்பு மடிப்பில் அதே கறுப்புப் பொருக்கு இருந்தது. கோட்டை மலை எதிரில் ஏறி வந்துகொண்டிருக்க, அவர் தலை என் தோளில் விழுந்து கிடக்க, என் புத்தி ஒரு கணக்குப் போட்டது. இன்று மூன்றாம் நாள், ஏழாம் நாள் எடுத்தால் அருமையான மாதிரி. அந்தக் கணக்கைப் போட்ட புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரையும் டிரிப்ஸும் கொடுத்தார்கள். சேர்த்த மூன்றாம் நாள் சாயங்காலம் இட்லி கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

காய்ச்சல் தொடங்கிய ஏழாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். பையில் குழாய் இருந்தது, ஆனால் வெளியே எடுக்கவில்லை. படிவத்தை எடுத்து அந்த வரியை முதலில் படித்தேன். மெதுவாக, இரண்டு தடவை. போன தடவை எடுத்தது என் தவறால் கெட்டுப்போனதையும், கெடாமல் இருந்திருந்தாலும் அது அவருக்கு ஏறப்போவதில்லை என்பதையும் சொன்னேன். 

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல."

இல்லை சின்னம்மா என்றேன்.

"உனக்கும் ஒண்ணும் ஆவல."

ஆகவில்லை என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினார்.

"எட்த்துக்கோ. ஆனா இத ஐஸ்ல வைக்காத. உசுரோட இருக்கும்போதே பார்த்துடு."

ஜெராக்ஸ் கடை மாடிக்கு அந்தக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு போனேன். சுழற்றி, வளையத்தை எடுத்து, பாதுகாப்பு மருந்து பாட்டிலைத் தொடாமல், அணுக்களை அப்படியே உடைத்து அவற்றின் மரபணுச் செய்தியைப் பிடித்து வைக்கும் கரைசலில் போட்டேன். உடைத்துவிட்டால் அந்த அணுக்களை உயிரோடு வைத்துச் செய்கிற சோதனை எதையும் இனிமேல் செய்ய முடியாது. அதற்காகத்தான் முதலிலேயே உறைய வைக்கிற வழியில் போனேன். நடுவில் கரண்ட் போனது, இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரியே சென்னை பஸ் ஏறிவிட்டேன்.

பழைய கட்டுரையை அனுப்பவில்லை. மேடம் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை, அப்புறம் வேறு வழியில்லாமல் பேசினார். பட்டம் எப்போது வரும் என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

சின்னம்மாவின் முடிவு வந்தது. பட்டியல் திரையில் இறங்கிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. பெரிய குடும்பங்களுக்குக் கீழே ஒன்று ஒன்றாக, ஒற்றை ஆளாக, ஆயிரக்கணக்கில் வகைகள். ஏழை ரத்தம் என்று எழுதப் பார்த்தோமே, அந்தத் தெருவின் ரத்தம்தான் இது. மேடம் பார்த்துவிட்டு, உறைய வைக்காததால் இவ்வளவு வந்ததா, இரண்டாவது காய்ச்சல் என்பதால் வந்ததா என்று கேட்டார். தெரியாது என்றேன். ஒப்பிட்டுப் பார்க்க இருப்பது சின்னம்மாவின் பழைய குழாய் மட்டும்தான். அது ஒரு வருஷம் முழுக்க ஒன்றாம் நம்பரில் இருந்தது.